சொந்த அட்டை இல்லாத சிரிப்பு: தமிழ் நகைச்சுவைப் படக்கதைகள் மறைந்ததும் மீண்டதும்

தமிழில் காமிக்ஸ் என்றதும் நடுத்தர வயதைக் கடந்த வாசகரின் நினைவில் முதலில் எழுபவை இரும்புக்கை மாயாவி, மாடஸ்தி, ஜேம்ஸ் பாண்ட் ஆகிய சாகச நாயகர்களின் பெயர்களே. அதே வாசகரின் வீட்டுக்கு அதே ஆண்டுகளில் வாரந்தோறும் வந்து, குடும்பம் முழுவதையும் சிரிக்க வைத்த நகைச்சுவைப் படக்கதைகள் அந்த அளவுக்கு நினைவில் தங்கவில்லை. அவற்றின் தரம் குறைவு என்பதோ, அவற்றுக்கு வாசகர் குறைவு என்பதோ இதற்குக் காரணம் அல்ல. சாகசக் கதை தனி நூலாக, தனி எண்ணோடும் தனி அட்டையோடும் வந்தது. நகைச்சுவைப் படக்கதையோ வார இதழின் உட்பக்கத்தில், ஒரு தொடர்கதைக்கும் ஒரு தலைவலி மாத்திரை விளம்பரத்துக்கும் நடுவில் இடம்பெற்று, அடுத்த இதழ் வந்த நாளிலேயே பழைய தாளாகிப் போனது. சொந்த அட்டை இல்லாததே அதன் மறதிக்கு முதற்காரணம் என்பதை அதன் வரலாறு படிக்குப் படி காட்டுகிறது.

படக்கதை அல்லது சித்திரக்கதை என்பது கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட படங்களின் வரிசையால் கதை சொல்லும் முறையாகும். பாத்திரங்களின் பேச்சு, வாயருகே வரையப்படும் பலூன் வடிவக் குமிழியில் இடம்பெறலாம். படத்தின் கீழே வரியாகவும் வரலாம். ஒரே படத்தில் முடியும் சிரிப்புத் துணுக்கு இதற்கு நெருங்கிய உறவினர் என்றாலும், ஒரு பாத்திரம் வாரந்தோறும் திரும்பி வந்து வாசகரோடு பழகத் தொடங்கும்போது துணுக்கும் ஏறத்தாழ ஒரு தொடர்கதையின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. தமிழ் நகைச்சுவைச் சித்திரத்தின் செழுமை பெரும்பாலும் இந்த எல்லைப்பகுதியில்தான் விளைந்தது.

அதன் தொடக்கத்தைத் தேடுவோர் பாரதியாரிடம் செல்ல வேண்டியிருக்கும். 1906இல் சென்னையில் தொடங்கி 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த ‘இந்தியா’ வார இதழ், தமிழ் இதழியலில் கருத்துப்படத்துக்கு முதன்முதலாக முகப்பில் இடமளித்தது. அவை அரசியல் கேலி. வீட்டுக்கூடத்துச் சிரிப்பு அல்ல. ஆயினும் படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் சினக்கவும் தமிழ் வாசகரைப் பழக்கியவை அவையே. ஆ.இரா. வேங்கடாசலபதி 1994இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கும்வரை, பாரதியைப் படித்தவர்களிலும் மிகப் பலர் அந்தப் படங்களைக் கண்டதில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெருங்கவிஞரின் இதழுக்கே இந்த நிலை என்றால், ஊர் பேர் தெரியாத சிரிப்புச் சித்திரங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’, 1928இல் எஸ்.எஸ். வாசனின் கைக்கு மாறிய பின்னர், சிரிப்பு குடும்பத்தின் அன்றாடப் பண்டமாகியது. அதற்குக் கோடு கொடுத்தவர் மாலி என்று அறியப்பட்ட டி.ஆர். மகாலிங்கம். அவருக்குப் பின் வந்த ராஜு, கோபுலு முதலியோரின் வரிசை, ஒரு வார இதழின் அலுவலகத்தையே ஓவியப் பள்ளியாக மாற்றியது. அக்காலத்து அச்சு முறையும் அவர்களுடைய நடையை வடிவமைத்தது. கறுப்பு மையால் வரைந்த படத்தை ஒளிப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கும் அச்சுக்கட்டையைப் ‘பிளாக்’ என்றார்கள். நயமான நிழல் சாயல்களை மலிவான தாளில் அச்சேற்றுவது கடினமாதலால், ஓவியர் தம் கருத்து முழுவதையும் கோட்டின் தடிமனிலும் வளைவிலுமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடே மாலியின் சிக்கனத்துக்கும் கோபுலுவின் துல்லியத்துக்கும் துணைநின்றது.

தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, மாலியின் ஊக்கத்தால் சொற்களே இல்லாத சிரிப்புச் சித்திரங்களில் தேர்ந்தார். சொல் இல்லாத படத்தில் பாத்திரத்தின் சாதி, ஊர், வருமானம், மனநிலை அனைத்தையும் வேட்டிக்கட்டும் குடுமியும் நாற்காலியின் கைப்பிடியும் சொல்லியாக வேண்டும். அவருடைய திண்ணைகளும் சத்திரங்களும் கல்யாணப் பந்தல்களும் இன்று சிரிப்புக்கு அப்பால், காவிரிக்கரை வாழ்க்கையின் ஆவணங்களாகவும் பயன்படுகின்றன. எந்தச் செம்பு எந்த மூலையில் இருந்தது என்பதைக்கூட அவற்றிலிருந்து அறியலாம்.

இந்த மரபில் படக்கதை என்ற பெயருக்கு முழுமையாகத் தகுதிபெறும் படைப்பு ‘துப்பறியும் சாம்பு’. தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1940களில் சிறுகதை வரிசையாகப் படைத்த சாம்பு, வங்கிக் குமாஸ்தாவாக இருந்து துப்பறிவாளராக உயர்ந்த அப்பாவி. அவருக்குத் துப்பறியத் தெரியாது, ஆனால் அவர் தடுக்கி விழும் இடத்தில் எல்லாம் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை அபாரமான அறிவுக்கூர்மை என்று நம்புவார். மனைவி வேம்புவும் கணவரின் பெருமையில் திளைப்பாள். முதலில் ராஜுவின் படங்களோடு கதையாக வந்த சாம்பு, 1957இல் தேவன் மறைந்த பின்னர், கோபுலுவின் கையால் விகடனில் சித்திரத் தொடராக மறுபிறவி எடுத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் வழிவந்த துப்பறியும் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அறிவின் இடத்தில் அதிர்ஷ்டத்தை உட்கார வைத்த இந்தக் கற்பனை, உலகின் எந்த நகைச்சுவைப் படக்கதையோடும் ஒப்பிடத் தக்கது. தேவனின் கதைகள் நூலாகிப் பல பதிப்புகள் கண்டன. கோபுலுவின் சித்திரத் தொடரோ பல பத்தாண்டுகள் வாசகர்களின் சொந்தத் தைப்புத் தொகுதிகளில் மட்டுமே உயிரோடிருந்தது. கதைக்கு அட்டை கிடைத்தது, படத்துக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் மதன் விகடனுக்காக உருவாக்கிய பாத்திரங்கள் நகரத்துக்குக் குடிவந்தவை. ரெட்டைவால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு, வீட்டுப் புரோக்கர் புண்ணியகோடி என்ற பெயர்களே அவர்களுடைய குணத்தைச் சொல்லிவிடும். இவர்களில் புண்ணியகோடி வரலாற்று மாணவரின் தனிக் கவனத்துக்கு உரியவர். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்குப் பாதுகாப்பு அளித்தபோதே, காலிசெய்ய மாட்டார்களோ என்ற அச்சத்தை வீட்டுக்காரர்களிடம் விதைத்தது; சென்னையின் மக்கள்தொகையோ நாளுக்கு நாள் பெருகியது. வாடகைக்கு வீடு தேடுவதே ஒரு வாழ்க்கைப் போராட்டமாக இருந்த அந்த நகரில்தான், எந்த வீட்டையும் மாளிகையாக வருணிக்கத் தெரிந்த ஒரு தரகர் வாரந்தோறும் சிரிப்பை வரவழைக்க முடிந்தது. அந்தச் சூழலை அறியாத இன்றைய இளம் வாசகருக்கு அதன் பாதிச் சுவை எட்டாமல் போகலாம். பழைய நகைச்சுவையை மீட்பது என்பது பக்கங்களைத் தேடி எடுப்பதோடு முடியாமல், அது பிறந்த தெருவையும் சேர்த்து விளக்கும் வேலையாவது இதனால்தான்.

விகடனின் பல்லாயிரம் சிரிப்புச் சித்திரங்களுள் அனைவரும் அறிந்த ஒன்று உண்டு. அது அட்டையில் வந்தது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலிசெய்த அந்த அட்டைப்படத் துணுக்குக்காக, 1987 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு உரிமை மீறல் குற்றத்தின் பேரில் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எழுந்த எதிர்ப்பால் அவர் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார். பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதே துணுக்கு உள்ளே நாற்பதாம் பக்கத்தில் வந்திருந்தால் இந்த வழக்கும் எழுந்திராது, அந்தச் சிரிப்பும் இன்று நினைவுகூரப்படாது என்று கருத இடமுண்டு.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நகைச்சுவைச் சித்திரம் உட்பக்கத்தை விட்டு வெளியேறித் தனக்கென ஓர் இதழையே பெற்றது. கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம், பம்பாயில் படிக்கச் சென்ற காலத்தில் கேலிச்சித்திரக் கலையில் தோய்ந்து திரும்பி, ‘சுந்தர்’ என்ற பெயரில் ‘தினகரன்’ நாளிதழில் வரைந்த சவாரித்தம்பர் என்ற பாத்திரத்தால் புகழ்பெற்றார். சவாரி என்பது யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிப் பந்தயம். அதன் மீது உயிரையே வைத்திருக்கும் ஊர்ப் பெரியவரைத் தம்பர் என்ற பெயரில் அவர் நடமாட விட்டார். 1960களின் முற்பகுதியில் அவர் கொழும்பில் தொடங்கிய ‘சிரித்திரன்’, பின்னர் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாக வாழ்ந்தது. சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில்வாகனத்தார், டாமோடிரன் தம்பதியர் எனப் பெருகிய அதன் பாத்திரங்கள், பனைவடலிக்கும் கிடுகுவேலிக்கும் இடையே நின்று, சீதனம், ஆங்கில மோகம், உத்தியோகப் பெருமை ஆகியவற்றைத் தம் சொந்தப் பேச்சுத் தமிழில் இடித்துரைத்தன. போர் சூழ்ந்து, தாளும் மையும் கிடைப்பதே அரிதான காலத்திலும் அச்சேற முயன்ற இந்த இதழ், சுந்தர் 1996இல் மறைவதற்குச் சற்று முன்பு நின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதையும் அதன் பின்வந்த இடப்பெயர்வுகளையும் எண்ணிப் பார்த்தால், இந்தச் சிரிப்பின் ஒரு பகுதியேனும் எஞ்சியது பெரும்பேறு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து அச்சுப் படைப்புகளை மின்வடிவில் பாதுகாக்கும் பணியில் சிரித்திரன் இதழ்களையும் சேர்த்து, கொழும்பிலோ டொரன்டோவிலோ இருக்கும் எவரும் அவற்றைப் புரட்ட வழிசெய்திருக்கிறது.

சிறுவர் உலகில் இந்த வரலாறு 1984ஐச் சுற்றி அடர்த்தியாகிறது. அவ்வாண்டு ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. சில மாதங்களில் பைகோ நிறுவனத்தின் ‘பூந்தளிர்’, வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. முன்னவை இரண்டும் சாகசத்தை நம்பின. பூந்தளிரோ சிரிப்பையும் சம அளவில் நம்பியது. அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்ற வாண்டுமாமா, ‘கல்கி’, ‘கோகுலம்’ ஆகிய இதழ்களில் பணியாற்றிய காலத்திலேயே ஓவியர் செல்லத்துடன் சேர்ந்து பலே பாலு போன்ற குறும்புக்காரச் சிறுவர்களைப் படக்கதையில் உலவவிட்டவர். பூந்தளிரில் அவர் ஆனந்த் பையின் பம்பாய்ப் பட்டறையில் உருவான பாத்திரங்களுக்குத் தமிழ் வாழ்வு கொடுத்தார். விரும்பியபடி வால் நீளும் குரங்கு கபீஷும், தந்திரக்காரக் காக்கை காளியும், பயந்தாங்கொள்ளியான வேட்டைக்கார வேம்புவும் அப்படி வந்தவர்கள். சுப்பாண்டியின் பயணம் இன்னும் சுவையானது. திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியனுப்பிய அசட்டு வேலைக்காரன் கதைகளை 1983இல் ‘டிங்கிள்’ இதழ் ராம் வயீர்கரின் படங்களோடு ஆங்கிலத்தில் வெளியிட, அந்தத் தமிழ்நாட்டுக் கதைமாந்தன் இந்தியா முழுவதும் சுற்றிவிட்டுப் பூந்தளிர் வழியாகத் தாய்மொழிக்குத் திரும்பினான்.

சிவகாசியின் பங்கு தனியாகப் பேசப்பட வேண்டியது. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், நாட்காட்டியும் தீப்பெட்டிச் சீட்டும் அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரங்களின் ஊரை ஐரோப்பியப் படக்கதைகளின் தமிழ்த் தலைநகராக்கியது. அவருடைய மகன் எஸ். விஜயன் ஆசிரியராகத் தொடங்கிய லயனும், அதன் துணை வெளியீடுகளான ஜூனியர் லயன், மினி லயன் ஆகியவையும் 1980களின் பிற்பகுதியில் பிராங்கோ-பெல்ஜிய நகைச்சுவைக் கதைகளைத் தமிழுக்குக் கொணர்ந்தன. 1946இல் மோரிஸ் என்ற பெல்ஜிய ஓவியர் படைத்த லக்கி லூக், தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய். அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர் அவனைவிட அறிவாளி. எத்தனை முறை சிறைக்குப் போனாலும் தப்பிவரும் டால்டன் சகோதரர்கள் அவனுடைய நிரந்தரத் தலைவலி. டிபெட் வரைந்த சிக் பில் கதைகளிலோ கதாநாயகனைக் காட்டிலும் முன்கோபி ஷெரீப் டாக்புல்லும், அவரிடம் திட்டு வாங்கியே காலம் தள்ளும் உதவியாளர் ஆர்டினுமே வாசகர் மனத்தில் நின்றனர். கலீஃபாவைக் கவிழ்த்து அரியணை ஏற ஒவ்வொரு கதையிலும் சதிசெய்து, ஒவ்வொரு கதையிலும் தானே குழியில் விழும் அமைச்சர் ‘மதியில்லா மந்திரி’யாகத் தமிழுக்கு வந்தார்.

இந்தக் கதைகளின் தமிழாக்கம் தனி ஆய்வுக்குத் தகுதியுள்ளது. அமெரிக்க மேற்குப் பகுதியைப் பற்றி பெல்ஜியத்தார் பிரெஞ்சில் செய்த கேலியை, இரண்டையும் கண்டிராத தமிழ்ச் சிறுவன் ரசித்தான் என்றால், அதற்குத் திண்ணைப் பேச்சின் வசவுகளையும் கிண்டல்களையும் பலூனுக்குள் அடைத்த மொழிநடையே காரணம். பலூனின் பரப்பு மாறாது. தமிழ்ச் சொல்லோ நீளமானது. ஆகவே ஒவ்வொரு வசனமும் கத்தரிக்கப்பட்டுக் கூர்மை பெற்றது. எனினும் இவை தனி அட்டையோடு வந்தும்கூட, வண்ணத்துக்காகவே வரையப்பட்ட படங்கள் சிறிய அளவில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சானதால் பாதி அழகை இழந்தன; விற்பனையில் சாகசமே முந்தியதால் சிரிப்புக் கதைகள் அடிக்கடி பின்தள்ளப்பட்டன.

இந்த இதழ்களை அச்சிட்ட ஊர்களின் வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. படித்த ஊர்களின் வரலாறு எழுதப்படவில்லை. 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள, ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட வட்டாரத்துப் பெரணமல்லூர் போன்ற பட்டு நெசவூர்கள் காமிக்ஸ் எதையும் வெளியிட்டதில்லை. ஆனால் அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இல்லாமல் எந்தத் தமிழ் வார இதழும் இலட்சப் பிரதிகளை எட்டியிருக்க முடியாது. முடிதிருத்தகம், தேநீர்க்கடை, கிளை நூலகம் ஆகிய மூன்றும் இத்தகைய ஊர்களின் வாசிப்பு மன்றங்கள். கைத்தறியில் அமர்ந்திருப்பவரின் கையும் காலும் கண்ணும் தறிக்கே உரியவை. தொடர்கதையை அருகிலிருப்பவர் உரக்கப் படிக்க அவர் கேட்கலாம், படக்கதையை அப்படிக் கேட்க முடியாது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு தறியில் ஏறும்வரை கிடைக்கும் இடைவேளையும், மழைநாளும், பண்டிகை விடுமுறையுமே படத்துக்கு உரிய நேரம். நெசவு வீடுகளில் சிரிப்புச் சித்திரம் முதலில் சிறுவர்களின் உடைமையானதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இத்தகைய ஊர்களின் வாசகர்கள்தாம், தம்மை அறியாமலே, ஆவணக் காப்பாளர்களாகவும் விளங்கினர். வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் நூல்கொண்டு தைத்துக் காலிகோ முதுகு ஒட்டும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது; இதற்குப் ‘பைண்டு செய்தல்’ என்று பெயர். பைண்டு செய்தவர் பாதுகாக்க விரும்பியது நாவலைத்தான். ஆனால் கிழித்த தாளுக்கு மறுபக்கம் உண்டல்லவா? நாவலின் இருபதாம் அத்தியாயம் முடியும் தாளின் பின்புறத்தில் ஒரு சிரிப்புச் சித்திரத்தின் முதல் மூன்று கட்டங்கள் இருக்கும். எதிர்ப்பக்கம் வேறு தாளைச் சேர்ந்தது என்பதால் முடிவு இராது. ஓரத்தைச் சீராக்க வெட்டிய கத்தி பல நேரங்களில் ஓவியரின் கையெழுத்தையும் வெட்டியிருக்கும். இன்று ஆய்வாளர்கள் முகம் தெரியாத பல சித்திரங்களை அடையாளம் காண்பது இந்தப் பின்பக்கங்களிலிருந்துதான். வெவ்வேறு தொடர்கதைகளுக்காகப் பைண்டு செய்யப்பட்ட இரு தொகுதிகள் இரண்டு ஊர்களிலிருந்து வந்து ஒரே மேசையில் சேரும்போது, அறுபது ஆண்டுகளாக முடியாமல் நின்ற ஒரு சிரிப்பு முடிவடைவதும் உண்டு.

மீட்பின் பாதை பழைய புத்தகக் கடைகளின் வழியாகவே சென்றது. 1985இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டும், திருவல்லிக்கேணி நடைபாதைகளும், கோவை உக்கடமும் சேகரிப்பாளர்களை உருவாக்கின. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகத் திரட்டிய பெருஞ்சேகரம், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, வார இதழ்களும் விளம்பரத் துண்டுகளும் நூல்களுக்கு நிகரான சான்றுகளே என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியது. 2012 தொடக்கத்தில் லயன் காமிக்ஸ் நீண்ட தொய்வுக்குப் பின் மறுவருகை புரிந்தபோது, உயர்ந்த தாளில் முழு வண்ணத்தில் லக்கி லூக்கை வெளியிடத் தொடங்கியது. சிறுவயதில் கறுப்பு வெள்ளையில் படித்தவர்கள் அந்தக் கதாநாயகனின் மஞ்சள் சட்டையை அதன் நிறத்திலேயே தமிழ்ப் பக்கத்தில் கண்டனர். ஈரோடு, சென்னை புத்தகக் காட்சிகளில் கூடும் அந்த வாசகர்கள் தம் பிள்ளைகளையும் அழைத்து வருவதால், சிரிப்புக் கதைகளுக்கு முன்னெப்போதும் இல்லாத தேவை உருவாகியுள்ளது.

அயல்நாட்டுச் சிரிப்பு இவ்வாறு வண்ணத்தில் திரும்பிவிட்ட நிலையில், தமிழிலேயே பிறந்த சித்திரத் தொடர்கள் பின்தங்கி நிற்பது வருத்தத்துக்கு உரியது. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1957இல் மறைந்த தேவனின் எழுத்துகள் 2018இல் பொதுவுடைமையாகிவிட்டன; 2015இல் மறைந்த கோபுலுவின் கோடுகள் 2075 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. ஆகவே சாம்புவின் கதையை இன்று எவரும் அச்சிடலாம், ஆனால் கோபுலு வரைந்த அவருடைய முகத்தை உரிமையாளரின் இசைவின்றி அச்சிட இயலாது. இதழ் நிறுவனங்களும் ஓவியர்களின் குடும்பங்களும் நூலகங்களும் கலந்து பேசி, எந்த ஆண்டின் எந்த இதழில் எந்தப் பக்கத்தில் எவர் வரைந்த தொடர் வந்தது என்ற அட்டவணை ஒன்றை முதலில் உருவாக்குவார்களானால், பரணில் கிடக்கும் பைண்டு தொகுதிகளைக் காகிதக்காரரிடம் எடை போடும் முன்பு ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கங்கள் எவை என்பது அவற்றை வைத்திருக்கும் வீடுகளுக்கும் தெரியவரும்.